மாதாகோயில் கோபுரத்தை அடியிலிருந்து பார்க்கும் முறை

சுங்கை சிப்புட்டில் யாராவது பிள்ளையைப் பார்க்க இங்கிலாந்துக்குக் கிளம்புகிறார்கள் என்றால் ஒட்டுக்கடையில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். எத்தனை கம்பளிச் சட்டை எடுக்க வேண்டும், ஊறுகாய்ப் புட்டியை விமான நிலையத்தில் விடுவார்களா என்று கேட்பார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு நானாக ஒன்றைச் சேர்ப்பேன். அங்கே ஊருக்கு ஊர் ஒரு பழைய மாதாகோயில் நிற்கும். அதன் கோபுரத்தை ஒரு மணி நேரமாவது நின்று பாருங்கள். போன மாதம் ஓர் அண்ணன், "பார்த்து என்ன செய்வது தம்பி, எல்லாம் கல்தானே?" என்றார். கடையில் நின்றபடி அவருக்கு முழுவதையும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தவன் அல்லன். என் அப்பா தோட்டத்தில் கொத்தனார். லயத்துச் சுவர் முதல் துரை பங்களாவின் படிக்கட்டு வரை அவர் கை பட்டது. நான் சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு சலவைக்கல் பட்டறையில் 31 ஆண்டுகள் கல் அறுத்தேன். என் மகள் லிங்கன் நகரில் தாதியாக இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்காக நானும் மனைவியும் போய் ஏழு வாரம் தங்கினோம். வீட்டில் எனக்கு வேலை இல்லை. தினமும் காலையில் ரயில் நிலையம் வரை நடந்துவிட்டு வருவேன். அந்த நடையில்தான் இதெல்லாம் கிடைத்தது.

புறப்படுவதற்கு முன் ஊரிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் புதிதாகப் பழகக் குளிர் விடாது. நம் பக்கத்துத் தோட்டங்களில் பழைய புகைக்கூடம் ஏதாவது ஒன்று இன்னும் இடியாமல் இருக்கும். ஒரு நாள் மாலை அதன் செங்கல் சுவர் முன்னால் போய் நில்லுங்கள். நடுச்சுவரில் ஒரு சதுரம் மட்டும் வேறு நிறச் செங்கல்லாக இருக்கிறதா? அங்கே ஒரு சன்னல் இருந்து அடைக்கப்பட்டிருக்கிறது. சுவரின் குறுக்கே சரிவாக ஒரு கறுப்புக் கோடு ஓடுகிறதா? அங்கே ஒரு சாய்ப்பு இருந்தது. கித்தாத் (ரப்பர்) தகடு காயப்போட்ட இடமாக இருக்கலாம். சாய்ப்பைப் பிரித்தவர்கள் கோட்டைப் பிரிக்கவில்லை. என் அப்பா எனக்கு எட்டு வயதில் இப்படித்தான் ஒரு சுவரைக் காட்டி, "யார் முதலில் கட்டினான், யார் பிறகு கை வைத்தான், சொல்லு" என்றார். கோபுரத்திடம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. எந்தப் பழைய கோபுரமும் ஒரே ஆள், ஒரே காலத்தில் கட்டி முடித்ததாக இருக்காது. அடுக்கடுக்காகப் பல கைகள் அதில் இருக்கும்.

கொண்டுபோக வேண்டியவை மூன்று: ஒரு சிறிய டார்ச் விளக்கு, பென்சிலும் கோடு போடாத நோட்டும், ஒரு நூலில் கட்டிய சிறு கனம். கடைசியாகச் சொன்னது தூக்குக்குண்டுக்குப் பதில். கையை நீட்டி நூலைத் தொங்கவிட்டு, கோபுரத்தின் மூலையோடு ஒட்டிப் பார்த்தால் சாய்வு தெரிந்துவிடும். புகைப்படம் எடுங்கள், தவறில்லை. ஆனால் முதலில் வரையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும், வரையும் கைதான் கண்ணை இழுத்துக்கொண்டு போகும்.

போனவுடன் சுவருக்குப் பக்கத்தில் ஓடிவிடக் கூடாது. தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று முழு உருவத்தையும் பாருங்கள். அங்குள்ள பழைய கோயில்களில் பலிபீடம் பெரும்பாலும் கிழக்கே இருக்கும். கோபுரம் மேற்கு முனையில் நிற்கும். இந்த ஒன்று தெரிந்தால் வெயில் எந்தப் பக்கம், மழை எந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுவிடலாம். தென் சுவர் காய்ந்திருக்கும். வட சுவரில் பாசி இருக்கும். பிறகு கோபுரம் எத்தனை கட்டாக மேலே போகிறது என்று எண்ணுங்கள். சுவரைச் சுற்றி இடுப்பில் அரைஞாண் கட்டியதுபோல் ஒரு வரிக்கல் ஓடும். அது அழகுக்கு மட்டுமன்று. சுவரில் வழியும் மழைநீரை வெளியே தள்ளிவிடும். அந்த வரிக்கல்லுக்குக் கீழே ஒரு காலம், மேலே வேறொரு காலம் என்று இருப்பதும் உண்டு. கல்லின் நிறமும் அளவும் மாறுகிறதா என்று பாருங்கள்.

இப்போது அடிக்கு வாருங்கள். நான் எப்போதும் மூலையில்தான் தொடங்குவேன். கொத்தனார் தன் நல்ல கல்லை மூலைக்குத்தான் வைப்பான். நடுவில் எதையும் போட்டு நிரப்பிவிடலாம், மூலை தவறினால் கட்டடமே தவறிவிடும். நார்மானியர் பிரான்சிலிருந்து 1066இல் படையெடுத்து வருவதற்கு முன் இங்கிலாந்தில் இருந்த சாக்சன் இனத்துக் கொத்தர்கள் மூலையில் ஒரு நீளக்கல்லைத் தூண்போல் நிறுத்தி, அதன்மேல் ஒரு பலகைக்கல்லைப் படுக்கவைத்து, மறுபடி ஒன்றை நிறுத்தி, மறுபடி ஒன்றைப் படுக்கவைத்துக் கட்டுவதுண்டு. நார்த்தாம்டன்ஷயரில் ஏர்ல்ஸ் பார்ட்டன் என்ற ஊரின் கோபுரத்தில் அது பளிச்சென்று தெரியும். லிங்கனிலேயே செயின்ட் பீட்டர் அட் கவுட்ஸ் கோயிலிலும் பார்க்கலாம். அந்தப் பழங்காலக் கோபுரங்கள் ஒல்லியாக நேரே நிற்கும், முட்டுச்சுவர் இருக்காது. மூலையில் கனமான முட்டுச்சுவர் படிபடியாக மேலே ஏறினால், நீங்கள் பிற்காலக் கோபுரத்தின் முன்னால் நிற்கிறீர்கள் அல்லது பழைய கோபுரம் சாயத் தொடங்கியபோது யாரோ தோள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, முட்டுச்சுவரும் கோபுரச் சுவரும் சேரும் இடத்தைப் பாருங்கள். கல் கல்லோடு பின்னிப் போயிருந்தால் இரண்டும் ஒன்றாகப் பிறந்தவை. நேர்க்கோடாக ஒரு வெடிப்பு மேலிருந்து கீழே ஓடினால் பிறகு ஒட்டவைத்தது.

கல்லைக் 'கருங்கல்' என்று சொல்லிவிடாதீர்கள். லிங்கன் கல் சுண்ணாம்புக்கல், நம் ஈப்போ மலைகளின் சாதி. நம் கிந்தா பள்ளத்தாக்குக் கல் மிகப் பழையது. சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து சலவைக்கல்லாக இறுகியிருக்கிறது. லிங்கன் கல் டைனோசர் காலத்துக் கடலில் படிந்தது, மிருதுவானது. கண்ணை ஒட்டவைத்துப் பார்த்தால் சில கற்களில் மீன் சினை போல நுண்ணிய உருண்டைகள் தெரியும். இந்தக் கல்லுக்குப் படுக்கை உண்டு. மலையில் அது எப்படிப் படுத்திருந்ததோ அப்படியே சுவரிலும் படுக்கவேண்டும். செங்குத்தாக நிமிர்த்தி வைத்தால் புத்தகத்தின் தாள் பிரிவதுபோல் முகம் உரிந்துவிடும். ஒரு சுவரில் நூறு கல் நன்றாக இருக்க, ஒன்று மட்டும் உரிந்து குழி விழுந்திருந்தால், அதை வைத்தவன் படுக்கையைப் பார்க்காமல் வைத்திருக்கிறான் என்று நான் முதலில் சந்தேகப்படுவேன்.

இனி நான் உங்களுக்குக் காட்ட விரும்பும் ஒரு கல். லிங்கன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பெரிய கடைத்தெருவில், செயின்ட் மேரி லெ விக்ஃபோர்ட் என்ற கோயில் இருக்கிறது. அதன் கோபுரம் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நார்மானியர் வந்ததையொட்டிய காலம், ஆனால் கட்டிய முறை பழைய சாக்சன் முறை. நான் நான்கு நாள் அதைத் தாண்டிப் போனேன். ஐந்தாம் நாள் மழைக்கு ஒதுங்கியபோதுதான் கோபுரத்தின் மேற்குச் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில், மற்றக் கற்களோடு சேராத ஒரு கல்லைக் கண்டேன். உச்சி முக்கோணமாக, வீட்டுக் கூரைபோல் இருந்தது. மேலே எழுத்து, கீழேயும் எழுத்து. ஆனால் இரண்டும் ஒரே கை அல்ல என்று அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாத எனக்கே புரிந்தது. கீழே இருப்பது ஆழமாக, வரிசையாக, பழகிய கல்தச்சன் வெட்டியது. மேலே முக்கோணத்துக்குள் இருப்பது நெருக்கிப் பிடித்து எழுதியது.

மகளிடம் சொன்னேன். அவள் விடுமுறை நாளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, கோயிலைத் திறந்து வைத்திருந்த ஒரு மூதாட்டியிடம் கேட்டு எனக்குச் சொன்னாள். கீழே உள்ளது லத்தீன். ரோமானியர் காலத்துக் கல்லறைக் கல். புருஸ்கஸ் என்பவரின் மகன் சாக்கர், அவர் மனைவி கார்சூனா, மகன் குவிண்டஸ் ஆகிய மூவரின் நினைவுக்கு வைத்தது. சாக்கர், இன்றைய பிரான்சில் இருந்த செனோன் இனத்தார். அதாவது வேறு தேசத்திலிருந்து வந்து அந்த ஊரில் முடிந்துபோன ஒரு குடும்பம். அதற்குப் பல நூறு ஆண்டுகள் கழித்துக் கோபுரம் கட்டியவர்கள் அந்தக் கல்லை எடுத்து, வெறுமையாக இருந்த மேல்முக்கோணத்தில் பழைய ஆங்கிலத்தில் இன்னொன்றை வெட்டினார்கள்: எயர்டிக் என்பவர் கிறிஸ்துவுக்கும் மரியாளுக்கும் புகழாக என்னைக் கட்டச் செய்தார் என்று. "என்னை" என்கிறது கல். கோபுரமே பேசுவதாக எழுதியிருக்கிறார்கள்.

மகள் இதைச் சொன்னபோது குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. என் தாத்தா கப்பலேறி வந்து தோட்டத்தில் செத்தார். அவருக்கு வைத்த கல் இப்போது எந்த எண்ணெய்ப்பனை வரிசைக்குள் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. சாக்கருடைய குடும்பத்தின் கல்லை யாரோ வேறு வேலைக்கு எடுத்தார்கள், உண்மை. ஆனால் பெயரைச் செதுக்கி எடுத்துவிடவில்லை. பெயர் தெருவைப் பார்த்து நிற்கிறது.

ஆகவே வேறிடத்திலிருந்து வந்த கல்லைத் தேடுங்கள். பழைய ஊர்களில் நல்ல கல்லை யாரும் வீணாக்கியதில்லை. அடையாளங்கள் சில சொல்கிறேன். சுற்றியுள்ள கல்லைவிட மிகப் பெரியது. ஒரு பக்கம் மட்டும் அலங்காரம் வெட்டி, அந்த அலங்காரம் பாதியில் அறுந்தது. காரணமில்லாத ஒரு துளை அல்லது பள்ளம் உள்ளது. தீயில் வெந்து இளஞ்சிவப்பாக மாறியது. அதே கோயிலின் முற்றத்தில் குடிநீர் விநியோகத்துக்காகக் கட்டிய ஒரு சிறு கல்மண்டபம் இருக்கிறது. அதுவும் அருகிலிருந்த துறவியர் மடத்தின் கற்களால் ஆனது. அங்கே போய்ப் பயிற்சி எடுத்துக்கொள்ளலாம்.

சன்னல், வாசல் வளைவுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதைத்தான் எல்லாரும் முதலில் சொல்லித்தருவார்கள். வளைவு அரைவட்டமாக இருந்தால் நார்மானியர் காலம் அல்லது அதற்கு முன். சுமார் 1190க்குப் பிறகு கூர்முனை வளைவு பரவுகிறது. 14ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் சன்னலுக்குள் கல்லாலேயே கொடிபோல் வளைந்த வேலைப்பாடு. 1348, 1349இல் கொள்ளைநோய் வந்து ஊர்களைக் காலி செய்தது. அதற்குப் பிந்திய தலைமுறைகளில் சன்னல் அகன்று, நேர்நேராக ஓடும் கல்கம்பிகளாக மாறுகிறது. லிங்கனிலிருந்து பாஸ்டன் என்ற ஊருக்குப் போனால் அந்தக் கடைசிக் காலத்துக் கோபுரம் ஒன்றைக் காணலாம், சுமார் 81 மீட்டர் உயரம். ஆனால் சன்னலை மட்டும் நம்பிக் காலம் சொல்லாதீர்கள். பழைய சுவரில் புதுச் சன்னல் வெட்டுவது எளிது. சன்னலின் ஓரத்துக் கற்கள் சுவரின் வரிசையோடு பொருந்துகின்றனவா, அல்லது நடுவில் உடைத்துச் செருகியதுபோல் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மணி இருக்கும் மேல்தட்டில் சன்னல் இரட்டையாக இருக்கும். செயின்ட் மேரியில் இரண்டு திறப்புக்கும் நடுவே ஒரு சிறு தூண், சுவரின் தடிப்புக்கு நட்டநடுவில் உள்வாங்கி நிற்கும். அது சாக்சன் கை. பல கோபுரங்களில் அங்கே கண்ணாடிக்குப் பதில் சாய்ந்த பலகைகள் இருக்கும். ஓசை வெளியே போகவேண்டும், மழை உள்ளே வரக் கூடாது.

அங்கிருந்து கிழக்குப் பக்கம் வந்து, கோயில் கூரை கோபுரத்தில் முட்டும் இடத்தைப் பாருங்கள். இப்போதைய கூரைக்கு மேலே, தலைகீழ் 'வி' போல ஒரு கல்வரி சுவரில் தெரிந்தால், ஒரு காலத்தில் கூரை அவ்வளவு உயரமாக இருந்தது என்று பொருள். புகைக்கூடத்துச் சுவரில் பார்த்த அதே கோடு. எனக்கு இதைக் கண்டபோது ஊருக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

சுவரில் வரிசையாக, ஏறக்குறைய ஒரே அளவில் சதுரத் துளைகள் தெரிந்தால் அவை சாரம் கட்டிய இடங்கள். மரத்துண்டைச் சுவருக்குள் செருகி, அதன்மேல் பலகை போட்டு நின்று கட்டியிருக்கிறார்கள். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் ஓர் ஆள் நின்று கைநீட்டிக் கட்டும் உயரம்தான். குளிர்காலத்தில் வேலையை நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்து உறைபனியில் கெடாமல் இருக்கச் சுவரின் தலையை வைக்கோலால் மூடிவைப்பார்கள். இடைவெளி விட்டு மறுபடி தொடங்கிய வரியைச் சில சுவர்களில் கண்ணால் பிடிக்கலாம்.

டார்ச் விளக்கு இப்போதுதான் தேவை. சுவருக்கு நேரே அடிக்காதீர்கள். விளக்கைச் சுவரோடு ஒட்டிவைத்து, பக்கவாட்டில் ஒளி வழியும்படி பிடியுங்கள். பட்டறையில் சலவைக்கல்லில் இழைப்புச் சரியாக இருக்கிறதா என்று நாங்கள் இப்படித்தான் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் நிழலாக எழும். அம்புக்குறி, முக்கோணம், குறுக்குக்கோடு எனச் சிறு சின்னங்கள் கிடைத்தால், அவை பெரும்பாலும் கல்தச்சர்கள் தாங்கள் வெட்டிய கல்லுக்குப் போட்ட அடையாளம். எண்ணிக் கூலி வாங்குவதற்கு உதவியது. நாங்களும் பலகைக்குப் பலகை சுண்ணாம்புக்கட்டியால் குறி போடுவோம். தென் சுவரில், வாசல் பக்கம், நடுவில் ஒரு குழியும் அதிலிருந்து விரியும் கோடுகளும் கிடைத்தால் அது நிழல்கடிகாரம். குழியில் ஒரு குச்சியைச் செருகி வழிபாட்டு நேரம் பார்த்தார்கள். அதே கடிகாரம் வெயில் விழாத வட சுவரிலோ தலைகீழாகவோ இருந்தால் உங்களுக்குப் புரிந்துவிடும்: கல் இடம் மாறியிருக்கிறது.

கூரை ஓரத்தில் வாயைப் பிளந்த பூதமுகங்களை மறக்க வேண்டாம். நம் கோயிலில் கோமுகி வழியாக அபிஷேக நீர் வெளியேறுவதுபோல், கூரை நீரைச் சுவரில் படாமல் தூரத் துப்புவது அவற்றின் வேலை. தண்ணீர் வழி இல்லாத வெறும் முகங்களும் உண்டு, அவை அலங்காரம்.

உள்ளே போனால் கோபுரத்தையும் கோயிலையும் இணைக்கும் பெரிய வளைவின் கீழ் நின்று சுவரின் தடிப்பை உணருங்கள். மணிக்கயிறு தொங்கினால் தொடவே தொடாதீர்கள், பேரப்பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள மணியை வாய் மேலாக நிறுத்தி வைத்திருக்கலாம். கயிற்றை இழுத்தால் ஆளையே மேலே தூக்கிவிடும். கோபுரப் படியிலும் பொறுப்பாளர் அழைத்தால் மட்டும் ஏறுங்கள். பாசியைச் சுரண்டுவது, பெயர் எழுதுவது, தளர்ந்த சில்லைப் பையில் போட்டுக்கொள்வது மூன்றும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் வருத்தத்தோடு சொல்கிறேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலுள்ள சாந்தைத் தவறாமல் பாருங்கள். பழையது சுண்ணாம்பு, வெளுத்து, மிருதுவாக, நகத்தால் அழுத்தினால் கொடுக்கும்போல் இருக்கும். அந்த மிருதுதான் கோபுரத்தைக் காத்தது. சுவர் அசைந்தால் சாந்து விட்டுக்கொடுக்கும். உள்ளே போன ஈரம் சாந்து வழியாக வெளியேறும். சிமெண்ட் வந்தபிறகு பல இடங்களில் அந்த இடுக்குகளைச் சிமெண்டால் பூசினார்கள். சிமெண்ட் கல்லைவிடக் கெட்டி. ஈரம் போக வழியில்லாமல் கல்லுக்குள் தங்கி, உறைபனியில் விரிந்து, கல்லின் முகத்தை உடைக்கும். சாந்து வரம்புபோல் வெளியே நீட்டிக்கொண்டு, கல் உள்ளே குழிந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. எங்கள் தோட்டத்தில் அப்பா சுண்ணாம்பு குழைத்துக் கட்டிய சிறு கோயிலுக்கும் இதே கதிதான். அவர் போனபிறகு நல்லெண்ணத்தோடுதான் யாரோ சிமெண்ட் பூசி வண்ணம் அடித்தார்கள். ஆறே ஆண்டில் பூச்சு உப்பி, செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. பழைய சுவரைப் பழுதுபார்க்கும் பொறுப்பு உங்களில் யாருக்காவது வந்தால், தயவுசெய்து சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த ஆளைத் தேடுங்கள்.

இங்கிலாந்து போக வாய்ப்பில்லாதவர்கள் மலாக்காவுக்குப் பஸ் ஏறுங்கள். செயின்ட் பால் குன்றின்மேல் 1521இல் போர்த்துகீசியர் நிறுவிய ஆலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. இங்கிலாந்துக் கோபுரங்கள் எழுந்த இடைக்காலம் அப்போது முடிந்துகொண்டிருந்தது. கல்லும் சுண்ணாம்புக்கல் அல்ல, துளைதுளையான செம்புரைக்கல். ஆனால் பார்க்கும் முறை ஒன்றே. முன்னால் நிற்கும் வெள்ளைக் கோபுரத்தை ஆலயத்தின் மணிக்கோபுரம் என்று எண்ணிவிடாதீர்கள்; அது ஆங்கிலேயர் காலத்துக் கலங்கரை விளக்கம். உள்ளே சுவரோரமாகச் சாய்த்து நிறுத்தியிருக்கும் பெரிய டச்சுக் கல்லறைக் கற்கள் ஒரு காலத்தில் தரையில் கிடந்தவை. தேய்மானம் எந்த முகத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அடைத்த வாசல், உடைத்த சன்னல், மாடி இருந்ததற்கான அடையாளம் எல்லாம் சுவரிலேயே உண்டு. மாலை ஐந்து மணிக்குமேல் போங்கள். வெயில் சரிந்து விழும்போது டார்ச் விளக்கு வேண்டியதில்லை. கடலைப் பார்த்த முகப்பின் மூலையிலிருந்து, அடிக்கல்லில், தொடங்குங்கள்.